ஜோசஃப் ஸ்மித் பேப்பர்ஸ் தளம்: தீர்க்கதரிசியைத் தேடிப் போனால் கடன் பத்திரம் கிடைக்கிறது

மோர்மன்கள் என்றால் நம்மில் பலருக்கும் இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று, அந்தக் காலத்தில் பல மனைவி. இரண்டு, வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிக்கொண்டு இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போகும் பையன்கள். இதைத் தாண்டி அந்தச் சபை 19ஆம் நூற்றாண்டில் எப்படி நிர்வாகம் நடத்தியது, எப்படிக் கடனில் மாட்டியது, அரசாங்கத்தோடு ஏன் இத்தனை முறை மோதியது என்று பார்க்க ஆசை இருந்தால் ஜோசஃப் ஸ்மித் பேப்பர்ஸ் தளத்துக்குப் போங்கள். இலவசம். கணக்குத் திறக்க வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம், யாரும் உங்களைத் தேடி வீட்டுக்கு வரமாட்டார்கள்.

தளத்தை நடத்துவது அந்தச் சபையேதான், அதாவது சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சபை. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது, அதைப் பற்றிக் கீழே பேசுகிறேன். ஜோசஃப் ஸ்மித் 1805இல் பிறந்தவர், 1830இல் நியூயார்க் மாநிலத்தில் சபையைத் தொடங்கினார், 1844இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கார்த்தேஜ் என்ற ஊர்ச் சிறையில் கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. இடையில் வெறும் 14 வருடம்தான். அந்த 14 வருடத்தில் அவர் எழுதியது, சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியது, அவருக்கு வந்த கடிதம், அவர் தலைமையில் நடந்த கூட்டங்களின் குறிப்பு, அவர் மேல் போட்ட வழக்கு, அவர் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு என்று கையில் அகப்பட்ட அத்தனையையும் இங்கே அடுக்கியிருக்கிறார்கள். அச்சில் 2008இல் தொடங்கி 2023இல் முடிந்த 27 தொகுதிகள் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தை வாங்கினாலும் தளத்தை விடமுடியாது, ஏனென்றால் வழக்கு ஆவணங்களையும் பண விவகாரங்களையும் இணையத்தில்தான் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் விருந்தே அதில்தான் இருக்கிறது.

தளம் வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கம் பழைய தாளின் படம், பக்கத்திலேயே அதை வரிக்கு வரி படித்து எழுதிய பாடம். எழுத்தர் அடித்துத் திருத்தியது, இடைச்செருகியது, எழுத்துப் பிழை, எல்லாம் அப்படியே இருக்கும். ஆட்களின் பெயரை அழுத்தினால் அவர் யார், எப்போது சேர்ந்தார், எப்போது சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனார் என்று சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு வரும். (இந்தக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு நாள் ஓடிவிடும். தலைமையில் இருந்தவர்களில் எத்தனை பேர் வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து, மறுபடி வெளியேறியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.)

ஒவ்வொரு ஆவணத்துக்கும் முன்னால் இரண்டு முன்குறிப்பு இருக்கிறது. ஒன்று வரலாற்றுப் பின்னணி. இன்னொன்று அந்தத் தாள் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது, எந்த அளவுத் தாள், எப்படித் தைத்தார்கள், யாருடைய கையெழுத்து என்கிற பூர்வீகம். முதலில் பார்க்கும்போது இத்தனை நுணுக்கம் எதற்கு என்று தோன்றும். காரணம் இருக்கிறது. 1980களில் மார்க் ஹாஃப்மன் என்ற ஆள் 19ஆம் நூற்றாண்டு மோர்மன் ஆவணங்களைப் போலியாகத் தயாரித்துச் சபைக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தான், குட்டு வெளிப்படும் நிலை வந்ததும் 1985 அக்டோபரில் சால்ட் லேக் சிட்டியில் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். அவனிடம் ஏமாந்தவர்களில் தேர்ந்த நிபுணர்களும் உண்டு. அந்தச் சூடு பட்டவர்கள் இப்போது ஒவ்வொரு தாளுக்கும் ஜாதகம் எழுதுகிறார்கள், நியாயம்தான்.

சரி, எங்கே தொடங்குவது? பெரும்பாலானவர்கள் நேராக வெளிப்பாடுகளுக்குப் போவார்கள், அதாவது கடவுள் சொன்னதாக ஸ்மித் சொல்லி எழுதவைத்த பகுதி. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மினிட் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, ஓஹையோ மாநிலத்தில் கர்ட்லாண்ட் என்ற ஊரில் 1832 முதல் 1837 வரை நடந்த கூட்டங்களின் குறிப்பு. அதைத் திறங்கள். 1834 பிப்ரவரி 17 அன்று உயர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கிறார்கள், 12 உறுப்பினர்கள். யார் மேலாவது புகார் வந்தால் இவர்கள்தான் விசாரிக்க வேண்டும். முறை என்ன தெரியுமா? 12 பேரும் சீட்டு எடுக்க வேண்டும். இரட்டைப்படை எண் எடுத்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்று அவருக்கு அவமானமோ அநியாயமோ நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண வழக்கு என்றால் இரண்டு பேர் பேசினால் போதும், கொஞ்சம் கடினம் என்றால் நான்கு பேர், ரொம்பக் கடினம் என்றால் ஆறு பேர். ஆரம்பித்து நான்கே வருடமான, படிப்பு அதிகமில்லாத விவசாயிகளும் தொழிலாளிகளும் சேர்ந்த ஒரு சபை இப்படி ஒரு விசாரணை முறையை உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

ஆனால் முறை இருந்தால் மட்டும் சண்டை ஓயுமா? அதே வருடம் ஆகஸ்டில் சில்வெஸ்டர் ஸ்மித் என்பவர் மேல் விசாரணை. இவர் ஜோசஃபின் சொந்தக்காரர் இல்லை, பெயர்ப் பொருத்தம்தான். மிசூரியில் விரட்டப்பட்ட மோர்மன்களுக்கு உதவ அந்த வருடம் ஒரு படைபோல நடந்து போனார்கள், அந்தப் பயணத்தில் ஜோசஃப் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று இவர் ஊரெல்லாம் பேசியிருக்கிறார். குறிப்பைப் படித்தால் விவகாரத்தின் நடுவில் ஒரு நாய் இருக்கிறது, அந்த நாயைப் பற்றி யார் யாரிடம் என்ன கோபமாகச் சொன்னார்கள் என்று சாட்சிகள் வரிசையாகச் சொல்கிறார்கள். கடவுளின் தூதர் என்று நம்பும் ஒருவரை, அவர் நாயை வைத்துச் சண்டை போட்டாரா இல்லையா என்று குழு கூடி விசாரித்து எழுதிவைத்திருக்கிறது. இதையெல்லாம் கிழித்துப்போடாமல் வைத்திருந்தார்களே என்பதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

குமாஸ்தாக்களின் கதை தனி. ஸ்மித் தன் கையால் எழுதியது குறைவு, ஆகவே யாராவது ஒருவர் எப்போதும் பேனாவோடு பக்கத்தில் இருக்க வேண்டும். ஆலிவர் கௌடரி, ஜான் விட்மர், ஃபிரெடரிக் வில்லியம்ஸ், வாரன் பாரிஷ், ராபர்ட் தாம்சன், வில்லர்ட் ரிச்சர்ட்ஸ், வில்லியம் கிளேட்டன் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஜான் விட்மர்தான் சபையின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதும் பொறுப்பில் இருந்தவர். 1838 மார்ச்சில் அவரை வெளியேற்றினார்கள், அவர் போகும்போது எழுதிய வரலாற்றையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அடுத்த மாதம் ஸ்மித்தும் அவருடைய ஆலோசகர் சிட்னி ரிக்டனும் அதைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதம் தளத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள், கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, குத்தல்தான் முழுக்க. விட்மர் கொடுக்கவில்லை. வாரன் பாரிஷும் அப்படித்தான், ஸ்மித்தின் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தவர் வங்கி விவகாரத்துக்குப் பிறகு கடும் எதிரியாகிவிட்டார்.

வங்கியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேடிக்கை: 1832இல் சபையின் வியாபாரங்களை நடத்த ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள், கடை, அச்சகம், நிலம் எல்லாம் அதன்கீழ். அதைப் பற்றிய வெளிப்பாடுகளை 1835இல் புத்தகமாக அச்சிடும்போது எதிரிகளுக்கும் கடன்காரர்களுக்கும் தெரியக்கூடாது என்று ஆட்களுக்குப் புனைபெயர் போட்டார்கள். கடைக்காரர் நியூவெல் விட்னி அங்கே அஹஷ்டா ஆகிவிட்டார். ஏதோ பழைய வேதாகமக் கதை போல இருக்கும், உள்ளே நடப்பது பங்குதாரர் கணக்கு. தளத்தில் மூலப்பிரதியையும் அச்சான வடிவத்தையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் பார்த்தால் இந்த ஒப்பனை பளிச்சென்று தெரியும். இந்த வசதிக்காகவே தளத்தைப் பாராட்ட வேண்டும்.

இப்போது வங்கி. கர்ட்லாண்டில் கோயில் கட்டி 1836 மார்ச்சில் பிரதிஷ்டை செய்தார்கள், கையில் கடன் மட்டும் மிஞ்சியது. நிலம் நிறைய, ரொக்கம் குறைவு. சரி, நாமே வங்கி தொடங்கிவிடுவோம் என்று முடிவு செய்து, கௌடரி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் நோட்டு அச்சடிக்கும் தகடு வாங்கிவருகிறார், ஆர்சன் ஹைட் மாநிலச் சட்டமன்றத்தில் அனுமதி வாங்கப் போகிறார். தகடு வந்துவிட்டது, அனுமதி வரவில்லை. என்ன செய்தார்கள்? 1837 ஜனவரியில் பெயரை 'வங்கி-எதிர்ப்பு' சங்கம் என்று மாற்றி, அச்சான நோட்டுகள் சிலவற்றில் வங்கி என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் பொடி எழுத்தில் முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். அந்த வருடம்தான் அமெரிக்கா முழுக்க வங்கிகள் கவிழ்ந்த வருடம். இவர்களுடையது எப்படியும் கவிழ்ந்திருக்கும், நேரமும் சேர்ந்துகொண்டது. அனுமதியில்லாமல் வங்கி நடத்தியதற்கு ஸ்மித்துக்கும் ரிக்டனுக்கும் அக்டோபரில் தலா 1,000 டாலர் அபராதம். பணம் போனவர்களில் அவருடைய நெருங்கிய சீடர்களும் அப்போஸ்தலர்களும் இருந்தார்கள். 1838 ஜனவரியில் ஸ்மித் இரவோடு இரவாக ஊரைவிட்டு மிசூரிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

மிசூரிக் கதையை இங்கே வேகமாகத் தாண்டுகிறேன், பலரும் எழுதிவிட்டார்கள். 1838 ஆகஸ்டில் காலட்டின் என்ற ஊரில் தேர்தல் நாளன்று அடிதடி, அது சிறு போராகி, அக்டோபர் 27 அன்று ஆளுநர் பாக்ஸ், மோர்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். (அந்த உத்தரவை மிசூரி முறைப்படி ரத்து செய்தது 1976இல்!) ஸ்மித் மிசூரியில் லிபர்டி என்ற ஊர்ச் சிறையில் குளிர்காலம் முழுக்க அடைபட்டிருந்தபோது ஆயிரக்கணக்கானவர்களை இல்லினாய்ஸுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை முன்னின்று நடத்தியவர் அப்போஸ்தலர் பிரிகாம் யங். பிற்காலத்தில் அவர் கையில் சபை போனதற்கு விதை இங்கேதான். அப்புறம் 1839 நவம்பரில் ஸ்மித் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி வான் பியூரனைச் சந்தித்து நஷ்டஈடு கேட்டார். இது மாநில விவகாரம், மத்திய அரசு தலையிடாது என்பதுதான் கடைசியில் கிடைத்த பதில். அந்தப் பதில் அவர் மனதில் எப்படித் தைத்தது என்பது அடுத்த ஐந்து வருட ஆவணங்களில் தெரியும்.

எனக்குப் பிடித்த பகுதி நாவூ. இல்லினாய்ஸில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், சதுப்பு நிலத்தில் ஊர் கட்டுகிறார்கள். 1839 ஆகஸ்டில் ஹோரஸ் ஹாட்ச்கிஸ் என்ற கனெக்டிகட் முதலாளியிடமும் அவர் கூட்டாளிகளிடமும் சுமார் 400 ஏக்கர், விலை 50,000 டாலர் அளவில், வட்டி தனி, 20 வருடத் தவணை. கையில் காசில்லாத அகதிகள் வாங்கிய கடன் இது! புரோநோட்டில் கையெழுத்துப் போட்டது ஸ்மித், அவர் அண்ணன் ஹைரம், ரிக்டன். நிலத்தைத் துண்டு போட்டுப் புதிதாக வருகிறவர்களுக்கு விற்று அந்தப் பணத்தில் தவணை கட்டுவது திட்டம். 1841இல் ஹாட்ச்கிஸோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் படியுங்கள், வட்டி எங்கே என்று அவர் கேட்க, நீங்கள் எங்களுக்கு விற்ற நிலம் நோய் பிடித்த சதுப்பு என்கிற தொனியில் ஸ்மித் பதில் எழுதுகிறார். கடன்காரனிடம் கோபப்படும் வித்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1841 ஜனவரியில் சபையின் சொத்துக்கெல்லாம் ஒரே அறங்காவலராக ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை சபைக்காக வாங்கிய நிலம் பலவும் அவர் பேரிலேயே இருந்தது. எது சபையுடையது, எது குடும்பத்துடையது என்று பிரிக்கும் வேலை முழுசாக முடியவே இல்லை. அடுத்த வருடம் அமெரிக்காவில் புதிய திவால் சட்டம் அமலுக்கு வந்தவுடன் 1842 ஏப்ரலில் ஸ்மித்தும் மஞ்சள் கடுதாசி கொடுக்கிறார். அதை எதிர்த்தது யார்? மத்திய அரசின் வழக்கறிஞர் ஜஸ்டின் பட்டர்ஃபீல்ட். ஏன்? 1840இல் ராணுவத்திடமிருந்து ஒரு நீராவிப் படகைக் கடனுக்கு வாங்கியிருந்தார்கள், அந்தப் பாக்கி நிற்கிறது. ராணுவத்தின் சார்பில் அந்தப் படகை விற்ற அதிகாரி ராபர்ட் லீ, ஆமாம், பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்குத் தளபதியான அதே லீ. அந்தப் படகு ஓடிய சொற்ப காலத்திலேயே சேதமாகிவிட்டது, கடன் மட்டும் ஸ்மித் செத்த பிறகும் ஓடியது. வேடிக்கை என்னவென்றால், இதே பட்டர்ஃபீல்டுதான் 1843 ஜனவரியில், மிசூரியின் முன்னாள் ஆளுநர் பாக்ஸை யாரோ சுட்ட வழக்கில் ஸ்மித்தை அந்த மாநிலத்திடம் ஒப்படைக்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் வாதாடி விடுவித்த வக்கீல். இரண்டு வழக்கின் காகிதங்களும் தளத்தில் இருக்கின்றன.

நாவூ நகர சாசனம் 1840 டிசம்பரில் கிடைத்தது. அதை நிறைவேற்றிய சட்டமன்றத்தில் லிங்கனும் ஓர் உறுப்பினர். சாசனத்தில் நகரத்துக்கெனத் தனி நீதிமன்றம், தனி படை, ஆட்கொணர்வு மனு விசாரிக்கும் அதிகாரம் எல்லாம் உண்டு. மிசூரியில் பட்ட அடிக்குப் பிறகு இந்தக் கவசம் தேவை என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சிக்கல் என்னவென்றால் கவசம் முழுவதையும் ஒரே ஆள் மாட்டிக்கொண்டார். 1844 வசந்த காலத்தில் ஸ்மித் வகித்த பொறுப்புகளைத் தளத்தை வைத்துப் பட்டியல் போட்டுப் பாருங்கள்: சபைத் தலைவர், சொத்தின் அறங்காவலர், நகர மேயர், மேயர் என்பதால் நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, நாவூ லீஜியன் என்ற படையின் லெஃப்டினன்ட் ஜெனரல், இது போதாதென்று அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர். இதற்கு முன்னால் பத்திரிகை ஆசிரியராகவும் கடைக்காரராகவும் இருந்தார், பத்திரப் பதிவாளர் வேலையும் அவரிடமே வந்தது. நகரத்தில் ஒருவருக்கு இவர் மேல் குறை இருந்தால் எங்கே போய் முறையிடுவார்? எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது அவர்தான். நாவூவின் ஆவணங்களைப் படிக்கும்போது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் பயம் முழுக்க மதவெறி இல்லை என்பது தெரிகிறது. அதே சமயம், துப்பாக்கியோடு வந்தவர்கள் எல்லாம் அரசியல் சாசன அறிஞர்களும் இல்லை.

அந்த ஜனாதிபதித் தேர்தல் அறிக்கையைத் தவறவிடாதீர்கள். அரசு நிலத்தை விற்று அந்தப் பணத்தை எஜமானர்களுக்குக் கொடுத்து 1850க்குள் அடிமைகளை விடுவிக்க வேண்டும், காங்கிரஸ் உறுப்பினர் எண்ணிக்கையை மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும், மிச்சமிருப்பவர்களுக்கு நாளுக்கு 2 டாலரும் சாப்பாடும் போதும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடையாது! பிரசாரத்துக்கு முன்னூறுக்கும் மேற்பட்ட மிஷனரிகளை நாடு முழுக்க அனுப்பினார்கள்.

ஆனால் அதற்குள் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. வில்லியம் லா, சபைத் தலைமையில் ஸ்மித்தின் இரண்டாம் ஆலோசகராக இருந்தவர், பலதார மணத்தையும் அதிகாரக் குவிப்பையும் எதிர்த்து, சபையிலிருந்து வெளியேற்றப்பட்டு, சிலரோடு சேர்ந்து 1844 ஜூன் 7 அன்று நாவூ எக்ஸ்பாசிட்டர் என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு இதழ். ஜூன் 8, 10 தேதிகளில் நகர மன்றம் கூடிப் பேசியது முழுவதும் தளத்தில் இருக்கிறது, இந்தத் தளத்தில் ஒரே ஒரு ஆவணம்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பத்திரிகை ஒரு பொதுத் தொல்லை, அதை அகற்றலாம் என்பதற்கு இங்கிலாந்துச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனை மேற்கோள் காட்டுகிறார்கள். வாரிங்டன் என்ற மோர்மன் அல்லாத உறுப்பினர் ஒருவர் எழுந்து, அவசரப்பட வேண்டாம், அபராதம் போடலாம் என்கிறார். அந்தக் குரல் அப்படியே அமுங்கிப்போகிறது. மேயர் உத்தரவு போட, அன்று மாலையே அச்சு இயந்திரத்தைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். 17 நாள் கழித்து மேயரும் அவர் அண்ணனும் பிணம்.

ஐம்பதின்மர் குழு என்ற ரகசியக் குழுவின் குறிப்பு இன்னொரு பெரிய ஈர்ப்பு. 1844 மார்ச் 11 அன்று அமைத்தது, இதில் மோர்மன் அல்லாதவர்கள் மூன்று பேரும் உண்டு. டெக்சாஸ் குடியரசோடு பேசுவது, ஒரிகானுக்குப் போவது, கடவுளின் ஆட்சிக்கு ஓர் அரசியல் சாசனம் எழுதுவது எல்லாம் இங்கே விவாதித்தார்கள். ஏப்ரல் 11 கூட்டத்தில் ஸ்மித்தைத் தீர்க்கதரிசி, ஆசாரியர், அரசர் என்று ஏற்றுக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. தேர்தலில் நிற்கும் ஆளுக்கு இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? ஜூனில் நிலைமை முற்றியதும் எழுத்தர் கிளேட்டனிடம், இந்தத் தாள்களை எரித்துவிடு, அல்லது யாரிடமாவது கொடுத்தனுப்பு, அல்லது புதைத்துவிடு என்றார் ஸ்மித். கிளேட்டன் தோட்டத்தில் புதைத்தார், கொலைக்குப் பிறகு ஜூலையில் தோண்டி எடுத்து மூன்று சின்ன நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார். அவை 2016இல்தான் வெளியே வந்தன. 1845இலிருந்து குழுவுக்குத் தலைவர் பிரிகாம் யங். தொனியே மாறிவிடுகிறது. கனவு குறைகிறது, வண்டி, மாடு, தானியம், எந்த வழி, எத்தனை குடும்பம் என்ற பேச்சு கூடுகிறது. நகர சாசனத்தை 1845 ஜனவரியில் சட்டமன்றம் ரத்து செய்துவிட்டது, வேறு வழியும் இல்லை.

இனி குறைகள். முன்குறிப்பு எழுதுகிறவர்கள் தேர்ந்த வரலாற்றாளர்கள், சந்தேகமில்லை, கூட்டரசின் ஆவணப் பதிப்பு ஆணையமும் இந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, பணத்தைப் பெருமளவு கொடுத்தது யூட்டா தொழிலதிபர் லேரி மில்லர் குடும்பம். ஆனால் முதலாளி சபைதான் என்பது நடையில் தெரியும். பொய் சொல்லமாட்டார்கள், மறைக்கமாட்டார்கள், குரலை மட்டும் உயர்த்தவே மாட்டார்கள். அச்சு இயந்திரத்தை உடைத்த விவகாரத்துக்கும், நிலப் பத்திரம் பதிந்த விவகாரத்துக்கும் ஒரே மாதிரி சாந்தமான குறிப்பு. பலதார மணத்தைப் பற்றிய பகுதிகளில் இந்தச் சாந்தம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது, குறிப்பாக ஸ்மித்தின் மனைவி எம்மா என்ன பாடுபட்டார் என்பதை அவருடைய ஆவணங்கள் வழியாக நீங்களே கோர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் தலைமையில் 1842 மார்ச்சில் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் குறிப்புப் புத்தகம் இங்கே இருப்பது ஓர் ஆறுதல்.

தேடுவதிலும் ஒரு தொல்லை. பாடத்தில் பழைய எழுத்துப் பிழைகளை அப்படியே வைத்திருப்பதால், எழுத்தர் ஒருவரின் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று விதமாகவும் தேட வேண்டும். ஆட்களின் வாழ்க்கைக் குறிப்பு வழியாகப் போய் அங்கிருந்து ஆவணத்துக்கு இறங்குவது சுலபம்.

பெரிய குறை தளத்தின் எல்லையில் இருக்கிறது. நிர்வாக ரீதியில் மிகச் சுவையான கேள்வி எழும் இடத்தில் கதவு மூடிவிடுகிறது. ஸ்மித் உயில் எழுதாமல் செத்தார். அடுத்த தலைவர் யார் என்பதற்கு 1844 ஆகஸ்ட் 8 கூட்டத்தில் ரிக்டனை ஒதுக்கிவிட்டு யங் தலைமையிலான பன்னிரண்டு அப்போஸ்தலர்களை ஏற்றார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அறங்காவலர் யார் என்ற சண்டை அதைவிடக் கூர்மையானது, ஏனென்றால் பத்திரங்கள் அங்கே இருக்கின்றன. விட்னியையும் ஜார்ஜ் மில்லரையும் அறங்காவலர் ஆக்கினார்கள், எம்மாவோ குழந்தைகளுக்குச் சோறு போட வேண்டுமே என்று குடும்பச் சொத்தைப் பிரித்துக் கேட்டார், அந்தப் படகுக் கடனுக்காக மத்திய அரசு தொடுத்த வழக்கில் 1850களின் தொடக்கத்தில் நிலங்கள் ஏலத்துக்கே போயின. இதன் ஒரு பகுதிதான் தளத்தில் இருக்கிறது. யங் யூட்டாவில் 30 வருடம் நடத்திய நிர்வாகத்துக்கு இங்கே எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

அதற்குப் பிந்திய காலம் வேண்டுமானால் இதே சபை 2016இலிருந்து இலவசமாக இணையத்தில் போட்ட ஜார்ஜ் கேனனின் நாட்குறிப்புக்குப் போங்கள். 1849 முதல் 1901 வரை எழுதியவர், அடுத்தடுத்து நான்கு தலைவர்களுக்கு ஆலோசகர், வாஷிங்டனில் யூட்டாவின் பிரதிநிதி, பலதார மணத்துக்கு எதிரான 1882 எட்மண்ட்ஸ் சட்டம் வந்ததும் அந்த இடத்தை இழந்தவர், 1888இல் பலதார வழக்கில் சரணடைந்து 175 நாள் தண்டனை வாங்கியவர். எதிரிகள் அவரை மோர்மன் ரிஷ்லியூ என்று கூப்பிட்டார்கள், பிரான்ஸ் அரசனை ஆட்டிவைத்த அந்தக் கார்டினலின் பெயரில். ஸ்மித் தளத்தில் இருக்கும் படவசதியையும் அடிக்குறிப்பையும் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் ஆள் சுவாரசியமானவர். 1887இலிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கம் சபையின் சொத்தைப் பறிக்கும் மத்தியச் சட்டம், இன்னொரு பக்கம் ஜூலையில் தலைமறைவாகவே செத்துப்போன சபைத் தலைவர் ஜான் டெய்லர், நடுவில் கேனன் மேல் இளைய அப்போஸ்தலர்களின் புகார்கள், அதில் ஒரு சுரங்கத்தின் பங்கு விவகாரமும் சேர்த்தி. அடுத்த தலைவரை முறைப்படி அமர்த்தவே 1889 ஏப்ரல் ஆகிவிட்டது.